உறுதியில் இருக்கும் பெயர்

(நூற்றாண்டை முன்னிட்டு எமது சங்கத்தின் இங்கிலாந்துக் கிளை நடத்திய ஒன்றுகூடலில், பழைய மாணவியான வைத்தியர் ஒருவர் ஆற்றிய உரை)



வைத்தியர் பேச வருகிறார் என்றதும் நீரிழிவு, இரத்த அழுத்தம் பற்றிய பேச்சென்று எதிர்பார்த்திருப்பீர்கள். இன்று அவை வேண்டாம். எமது வகுப்புத் தோழிகள் கூடிக் கதைத்தபோது, நாங்கள் பட்டறிந்த ஒன்றைச் சொல்வதே பயன் தரும் என்று முடிவு செய்தோம். விவாகரத்தின் பின் ஒரு பெண் தனக்கென வீடு வாங்கும்போது கட்ட வேண்டிய முத்திரைத் தீர்வை பற்றியது அது.

நாங்கள் 1996 இல் சாதாரண தரம் எழுதிய வகுப்பு. இன்று நாற்பதுகளில் இருக்கிறோம். எங்களில் மணவாழ்வு முறிந்தவர்களும் உண்டு. அதை நெடுங்காலம் ஒருவருக்கொருவர் சொல்லவில்லை. ஒன்றுகூடல்களுக்குத் தனியே வந்து, "அவருக்கு இன்றைக்கு வேலை" என்று சமாளித்தோம். அந்த மௌனத்துக்கும் ஒரு விலை உண்டென்பதை வீடு வாங்கப் புறப்பட்டபோதுதான் அறிந்தோம்.

இலங்கையில் காணி வாங்கி உறுதி முடிக்கும்போது முதல் ஒரு இலட்சத்துக்கு 3 வீதமும் மிகுதிக்கு 4 வீதமும் முத்திரைத் தீர்வை கட்டுகிறோம். வாங்குபவருக்கு வேறு வீடு இருக்கிறதா என்பதைப் பொறுத்து அது கூடுவதில்லை. இங்கிலாந்தில் அந்தக் கேள்வியில்தான் எல்லாம் தங்கியிருக்கிறது.

2025 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த கணக்கின்படி, 300,000 பவுண் விலையுள்ள ஒரு தொடர்மாடி வீட்டை எடுத்துக்கொள்வோம். வாழ்நாளில் முதன்முறையாக வீடு வாங்கிக் குடியிருக்கப் போகிறவர் ஒரு சதமும் கட்டத் தேவையில்லை. முன்பு வீடு வைத்திருந்து, இப்போது எதுவும் இல்லாதவர் 5,000 பவுண் கட்ட வேண்டும். வேறொரு வீட்டிலும் பெயர் உள்ளவர், வாழ்ந்த வீட்டுக்குப் பதிலாக இதை வாங்கவில்லையென்றால், 20,000 பவுண் கட்ட வேண்டும். மேலதிக வீட்டுக்கான 5 வீதம் முழு விலைக்கும் சேர்வதே காரணம்.

எங்களில் ஒருத்திக்குக் கொக்குவிலில் இரண்டு பரப்புக் காணியும் கல்வீடும் சீதனமாக எழுதப்பட்டன. கலியாணமாகி இங்கே வந்தவள் பதினெட்டு வருடங்கள் வாடகை வீட்டிலேயே வாழ்ந்தாள். விவாகரத்து முடிந்ததும், சேமிப்பைத் திரட்டி 300,000 பவுணுக்கு இரண்டு அறை வீடொன்றைப் பார்த்தாள். உலகில் எங்காவது உங்களுக்கு வீடு இருந்ததா என்று சட்டத்தரணியின் படிவத்தில் ஒரு கேள்வி. "இல்லை" என்று எழுதினாள். பொய் சொல்லும் எண்ணம் அவளுக்கு இல்லை. அவள் மனதில் அது அம்மா இருக்கும் வீடு, அவ்வளவுதான்.

ஞாயிறு இரவு தொலைபேசியில் கதைத்துக்கொண்டிருந்தபோது எங்களில் ஒருத்தி கேட்டாள்: "உன்ரை சீதன வீடு இப்ப ஆற்றை பேரிலை?"

"என்ரை பேரிலைதான்."

இரு பக்கமும் சற்று நேரம் பேச்சில்லை.

மறுநாளே சட்டத்தரணியிடம் உண்மையைச் சொன்னாள். நன்கொடையாகவோ மரபுரிமையாகவோ வந்த வீடானாலும், எந்த நாட்டில் இருந்தாலும், முதல் வீட்டுச் சலுகை போய்விடும். அதன் பெறுமதி 40,000 பவுண் அல்லது அதற்கு மேல் என்றால் மேலதிக வரியும் சேரும். மதிப்பீடு செய்து பார்த்ததில் கொக்குவில் வீடு அந்த எல்லையைத் தாண்டியிருந்தது. ஒன்றுமில்லை என்று நினைத்த வரி 20,000 பவுண் ஆனது. உண்மையை மறைத்திருந்தால் பின்னர் வரியோடு வட்டியும் தண்டமும் வந்திருக்கும்.

வீடு வாங்குமுன் சீதன வீட்டைத் தம்பிக்கு எழுதிக் கொடுத்தால் 15,000 பவுண் மிஞ்சும். "எழுதிவிடு பிள்ளை" என்று தாயாரும் சொன்னார். இரண்டு கிழமை யோசித்தாள். கலியாணம் போய்விட்டது, அப்பா தந்த வீட்டையும் விடுவதா என்று அவள் எங்களிடம் கேட்டாள். எங்களால் பதில் சொல்ல முடியவில்லை. கடைசியில் வீட்டை விடவில்லை. 240,000 பவுணுக்கு ஓர் அறை வீட்டை வாங்கி, 14,300 பவுண் வரி கட்டினாள். மகளுக்கு அறையைக் கொடுத்துவிட்டு அவள் கூடத்தில் படுக்கிறாள்.

எங்களில் இன்னொருத்தி வைத்தியர். உங்கள் முன் நிற்பவள்தான். இருவர் பெயரிலும் இருந்த வீட்டைவிட்டு வெளியேறினாள். மகனின் உயர்தரப் படிப்பு முடியும்வரை தகப்பனும் பிள்ளையும் அங்கே இருக்கட்டும், பிறகு விற்போம் என்று வாய்ப்பேச்சில் முடிவாயிற்று. 2023 இல் அவள் 450,000 பவுணுக்கு ஒரு வீடு வாங்கினாள். அன்றைய கணக்கில் 10,000 பவுண் வரி என்று எண்ணியிருந்தவளுக்கு 23,500 பவுண் வந்தது. பழைய வீட்டில் பெயர் இருந்ததால், அப்போதிருந்த 3 வீத மேலதிக வரியாக 13,500 பவுண் கூடியது.

ஆனால் சட்டத்தில் ஒரு வாசல் இருந்தது. விவாகரத்தின்போது சொத்துப் பற்றி நீதிமன்றம் கட்டளை பிறப்பித்திருந்தால், அந்தக் கட்டளை யாருடைய நன்மைக்காகவோ அவர் பழைய வீட்டைத் தமது பிரதான வதிவிடமாகக் கொண்டிருந்தால், வெளியேறியவரின் பங்கு மேலதிக வரிக் கணக்கில் சேராது. 2017 நவம்பர் முதல் உள்ள ஏற்பாடு இது. வாய்ப்பேச்சுக்கு இது பொருந்தாது. மானத்துக்கு அஞ்சி நீதிமன்றப் படி ஏறாமல் விட்டதால் அவள் இதை இழந்தாள்.

இன்னொரு வாசலும் உண்டு. முன்பு வாழ்ந்த வீட்டைப் புதிய வீடு வாங்கி மூன்று வருடங்களுக்குள் விற்றாலோ, தன் பங்கை முன்னாள் கணவருக்கு எழுதிக் கொடுத்தாலோ, கட்டிய மேலதிக வரியைத் திருப்பிக் கேட்கலாம். விற்ற நாளிலிருந்து பன்னிரண்டு மாதங்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். 2025 இல் அந்த வீடு விற்கப்பட்டது, 13,500 பவுணும் திரும்பி வந்தது. அதுவரை இரண்டு வருடங்கள் வார இறுதிகளிலும் மேலதிகக் கடமை செய்தே சமாளித்தாள்.

சகோதரிகளே, நோயாளியிடம் "சத்திரசிகிச்சை ஏதும் செய்தீர்களா" என்று கேட்போம். "இல்லை" என்பார். பரிசோதிக்கும்போது வயிற்றில் தழும்பு இருக்கும். பழகிப்போனதால் மறந்திருப்பார். சீதன வீடும் எங்களுக்கு அப்படித்தான். ஆகவே வீடு பார்க்குமுன் இவற்றைச் செய்யுங்கள்.

ஊரில் உங்கள் பெயரில் என்னென்ன உறுதிகள் உள்ளன என்று பெற்றோரிடமும் சகோதரரிடமும் கேட்டுப் பிரதி எடுங்கள். பெற்றோருக்குச் சீவிய உரித்து வைத்து எழுதியிருந்தால் அதையும் சட்டத்தரணியிடம் சொல்லுங்கள். குடும்ப வீட்டைப் பற்றிய இணக்கத்தை வாய்ப்பேச்சில் விடாமல் நீதிமன்றக் கட்டளையாக்குங்கள். விவாகரத்தையொட்டி ஒருவர் மற்றவருக்குப் பங்கை எழுதிக் கொடுப்பதற்கு இங்கே இந்த வரி இல்லை. விவாகரத்துத் தீர்ப்பு வருமுன்னரே வாங்க நேர்ந்தால், நிரந்தரமாகப் பிரிந்து வாழ்கிறீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். சேர்ந்து வாழும் தம்பதியராகக் கருதினால் கணவரின் வீடுகளும் உங்கள் கணக்கில் சேரும்.

ஸ்கொட்லாந்திலும் வேல்ஸிலும் வரி வேறு. கனடாவில் ஒன்ராறியோ மாகாணத்தில் முதல் வீட்டுக்குக் கிடைக்கும் வரி மீளளிப்பும், உலகில் எங்கும் வீடு வைத்திராதவருக்கே உரியது. எந்த நாட்டில் இருந்தாலும் கையொப்பமிடுமுன் கேளுங்கள்.

1995 ஒக்ரோபரில் நாவற்குழிப் பாலம் தாண்டித் தென்மராட்சிக்கு நடந்தபோது, எங்கள் அம்மாமார் உடுப்புகளை விட்டாலும் காணி உறுதிகளை விடவில்லை. பையில் போட்டு நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார்கள். அந்த உறுதிகளில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க எங்களுக்கு நாற்பது வயது கடக்க வேண்டியிருந்தது.

கொக்குவில்காரி தன் ஓரறை வீட்டில் பால் காய்ச்சிய அன்று நாங்கள் ஏழு பேர் போனோம். இருக்கக் கதிரை போதாமல் நிலத்தில் இருந்து சாப்பிட்டோம். இங்கே இருப்பவர்களில் இந்த நிலையில் உள்ளவர்கள் வெட்கப்படாமல் எங்களுடன் கதையுங்கள். கூட்டம் முடிந்த பிறகும் நாங்கள் தேநீர் மேசையருகில் நிற்போம்.