தூண்டில் விளையாட்டும் சுறாவின் பாதுகாப்பும்

(கண்டி நகரில் விவசாயிகளும் உத்தியோகத்தரும் கூடிய கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கடலலையின் ஓசை ஒருநாளும் கேளாத இக் கண்டி மாநகரிலே நின்று சுறாமீனைப் பற்றிப் பேச வந்திருக்கின்றோம். "தோட்டத்துச் சம்பளம் இருக்கிறது, உரவிலை இருக்கிறது, காணிப் பிரச்சினை இருக்கிறது, இவற்றின் நடுவே சுறா எங்கிருந்து வந்தது?" என்று நீங்கள் கேட்கக்கூடும். சுறா கண்டிச் சந்தையிலிருந்து வந்தது என்பதே எமது விடை. கருவாட்டுக் கடையிலே பலகை பலகையாய்க் கிடக்கும் சுறா, கம்பளையிலும் தெல்தெனியவிலும் மாத்தளையிலும் எத்தனையோ லயங்களில் கறிச்சட்டியை நிரப்புகின்றது. கடலில் வலை வீசியவனோடு நின்றுவிடுவதன்று இச் சட்டம். பிடித்தல் மட்டுமன்றி, கரையிறக்குதல், சேமித்தல், விற்றல், விற்பனைக்கு வைத்தல் ஆகிய யாவற்றையும் அது தொடுகின்றது. ஆகவே மலையில் இருப்போருக்கும் இதில் பங்குண்டு.

எல்லாச் சுறாவும் தடைசெய்யப்பட்டவை என்று யாரும் கலங்க வேண்டியதில்லை. யாழ்ப்பாணத்துத் தாய்மார் பிள்ளை பெற்றவளுக்கு ஆக்கிக் கொடுக்கும் சுறா வறைக்கு எவரும் விலங்கு மாட்டவில்லை. சிங்களத்திலே கசமோரா என வழங்கும், கசைபோல நீண்ட வாலுடைய சுறாவைப் பிடிப்பதை 2012ஆம் ஆண்டில் நமது நாடு தடைசெய்தது. சாட்டைவால் சுறா என்று அதை இங்கே சொல்லிக்கொள்வோம். அதில் மூன்று இனங்கள் உள. 2015ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகள், செட்டை நுனி வெளுத்த ஆழ்கடற் சுறாவையும் திமிங்கிலச் சுறாவையும் அத்தடையோடு சேர்த்தன. ஆக, ஐந்து இனங்கள். ஐரோப்பிய ஒன்றியம் நமது மீனை வாங்க மறுத்திருந்த ஆண்டு அது. 2016இலேதான் அத்தடை நீங்கியது. சட்டம் பிறந்ததற்குச் சுறாவின்மீது கொண்ட அன்பு மாத்திரம் காரணமன்று என்பதை ஒளிப்பானேன்? எனினும், எக்காரணத்தால் பிறந்தாலும் அது நல்ல சட்டம்.

ஏன் நல்ல சட்டம்? இங்கே அமர்ந்திருக்கும் விவசாயிகளுக்கு இதை விளக்கப் பெரிய புத்தகம் வேண்டியதில்லை. சூடையும் சாளையும் பெருந்தொகையாக முட்டையிடுவன. அள்ளினாலும் மீண்டும் பெருகும். சாட்டைவால் சுறாவின் கதை வேறு. அதன் பெருங்கண் இனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பெண்சுறா தாய்மை அடைவதற்கே பன்னிரண்டு ஆண்டளவு செல்லும். பின்னர் ஒரு சூலுக்குப் பெரும்பாலும் இரண்டே குட்டிகள். நமது கொட்டிலில் நிற்கும் பசு இதைவிட விரைவாக இனம் பெருக்கும்! இப்படிப்பட்ட பிராணியை வலிந்து பிடிப்பது விளைச்சலை அறுப்பதாகாது; விதைநெல்லைக் குற்றிச் சோறாக்குவதாகும்.

இனி வழக்கின் மறுபக்கத்தைக் கேட்போம். உல்லாசத்துக்காகத் தூண்டிலிடுவோரும், அவர்களுக்குப் படகு வாடகைக்கு விடுவோரும் உலகெங்கும் கூறும் வாதம் இது: "நாம் வயிற்றுக்காகப் பிடிப்பவர்கள் அல்லர். ஒன்றோ இரண்டோ பிடிக்கிறோம், திரும்ப விட்டுவிடுகிறோம். வெளிநாட்டுப் பணம் கொண்டுவருகிறோம். கடலை வெறுமையாக்கியவை பெருங்கலங்களின் வலையும் ஆயிரந்தூண்டிலுமே, எம்மை விட்டுவிடுங்கள்."

இவ்வாதத்தில் உண்மை இல்லாமலில்லை. சுறாவை அழித்ததில் மிகப் பெரும் பங்கு வலைகளுக்கும் நெடுந்தூண்டிற் கயிறுகளுக்குமே உரியது. நீதிமன்றத்தில் நின்றாலும் அதை நாம் மறுக்கமாட்டோம். ஆனால், மற்றவன் அதிகம் களவெடுத்தான் என்பது எந்த நீதவானின் முன்னிலையில் எதிர்வாதமாக ஏற்கப்பட்டிருக்கிறது?

"திரும்ப விட்டுவிடுகிறோம்" என்ற சொல்லைச் சற்று நின்று ஆராய வேண்டும். இச் சுறா தன் இரையை முதலில் வாயால் கௌவுவதில்லை. நீண்ட வாலைச் சாட்டைபோல் வீசிச் சிறுமீன் கூட்டத்தை அடித்து மயக்கி, அதன்பின்பே உண்ணும். ஓடும் படகின் பின்னே போலி இரையை இழுத்துச் செல்லும் விளையாட்டாளனின் தூண்டிலையும் அது வாலாலேயே அடிக்கின்றது; முள் வாலில் ஏறுகின்றது. பின்னர் என்ன? முன்னோக்கி நீந்தி, வாய்வழி நீர் புகுந்து செவுள்வழி வெளியேறினால்தான் மூச்சுவிடக்கூடிய மீனை, வாலைப் பிடித்துப் பின்னோக்கி நெடுநேரம் இழுக்கிறார்கள். கலிபோர்னியாக் கரையிலே விஞ்ஞானிகள் இவ்வாறு வாலிற் சிக்கிய சுறாக்களுக்குக் கருவி பூட்டி விட்டுப் பார்த்தார்கள். விடுவிக்கப்பட்டவற்றுள் பல பின்னர் மாண்டன. படகிலிருந்தவன் கண்டது நீந்திச் சென்ற மீன். அது கடலடியில் மாண்டதை அவன் காணவில்லை. உயிரோடு விட்டேன் என்று அவன் சத்தியம் செய்தால் அது பொய்ச்சத்தியமுமன்று!

இந்து சமுத்திரச் சூரைமீன் ஆணைக்குழு 2012இல் நிறைவேற்றிய தீர்மானம் விளையாட்டாளரை மறந்துவிடவில்லை. பொழுதுபோக்குக்காகப் பிடிப்போரும் சாட்டைவால் சுறா அகப்பட்டால் உயிரோடு விடவேண்டும், எச்சந்தர்ப்பத்திலும் வைத்திருத்தலோ விற்றலோ ஆகாது, அது அகப்படக்கூடிய இடத்துக்குச் செல்வோர் அதை உயிரோடு விடுவிக்கத்தக்க கருவியைக் கொண்டுசெல்ல வேண்டும் என்று எழுதியிருக்கின்றது. நமது நாடு அதன் அங்கத்துவ நாடு. 2016இல் ஜொகன்னஸ்பேர்க் மாநாட்டில் இச் சுறாவின் சர்வதேச வியாபாரத்தைக் கட்டுப்படுத்துமாறு முன்மொழிந்த நாடுகளுள்ளும் இலங்கை ஒன்று. வெளியிலே கொடிபிடித்துவிட்டு வீட்டிலே கண்ணை மூடிக்கொள்வது அழகன்று.

எமது மனத்தை உறுத்துவது பேருவளையிலும் திருகோணமலையிலும் பலநாட் கலங்களில் வேலைசெய்யும் கடற்றொழிலாளியின் நிலையே. அவன் தேடிப் போகாமலே வலையில் இச் சுறா விழுகின்றது. தூக்கும்போது செத்திருந்தாலும் கரைக்குக் கொண்டுவர அவனுக்கு உரிமையில்லை. கூலியாய்க் கிடைத்திருக்கக்கூடிய இறைச்சியைக் கடலில் எறிகின்றான். அவன் செய்யும் இத் தியாகத்தை எவரும் பத்திரிகையில் படம்பிடித்துப் போடுவதில்லை. அதே கடலில், அதே மீனைத் தூக்கிப் பிடித்துப் புகைப்படம் எடுத்துக்கொள்ள ஹோட்டல் விருந்தாளிக்குச் சலுகை கொடுத்தால் அந்தத் தொழிலாளி சட்டத்தைப் பற்றி என்ன நினைப்பான்? சட்டத்தின் முன் யாவரும் சமம் என்று கூறும் அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை கரையோடு முடிந்துவிடுகிறதா?

இது நடவாத காரியமுமன்று. அமெரிக்கா 2022 ஜூலையில் அத்திலாந்திக் கடலின் மாக்கோச் சுறாவை வைத்திருப்பதைத் தடுத்தபொழுது, வியாபாரிக்கும் விளையாட்டாளனுக்கும் ஒரே விதியை ஒரே நாளில் இட்டது. சுறாப் பிடிக்கும் பந்தயங்களுக்குப் பேர்போன கரை அது.

மலைநாட்டாராகிய நமக்கு இவ்விடயத்தில் சொந்த அனுபவமும் உண்டு. தோட்டத்துத் துரைமாரின் ஓய்வுநேரத் தூண்டிலுக்காக 1880களில் டிரவுட் மீனின் முட்டைகள் கப்பலேறி வந்து, நமது உயர்மலை ஓடைகளில் விடப்பட்டன. ஹோர்ட்டன் சமவெளியின் ஓடைகளிலே இயற்கையாக மீனினமே இல்லை. அங்கு வேறெங்குமில்லாத சிற்றிறால் ஒன்று வாழ்கின்றது. பின்னர் கொண்டுவரப்பட்டு அங்கே நிலைத்துவிட்ட வானவில் டிரவுட், அதற்குப் பெரும் ஆபத்துகளுள் ஒன்றாயிற்று. விளையாட்டுக்கு ஒரு மீன் வேண்டும் என்றார்கள், வந்தது. அந்த இறாலுக்காக வாதாட அன்று எந்த வழக்கறிஞனும் எழவில்லை. மகாவலிக் கரையில் ஞாயிற்றுக்கிழமைகளில் தூண்டிலோடு அமரும் நண்பர்களுக்கும் ஒரு சொல். 1950களில் ஆபிரிக்காவிலிருந்து வந்த திலாப்பியாவை வேண்டுமட்டும் பிடியுங்கள். மகாவலிப் படுகையைத் தவிர உலகில் வேறெங்குமில்லாத பச்சை லேபியோ தூண்டிலில் ஏறினால் அதை ஆற்றுக்கே விட்டுவிடுங்கள்.

கடற்றொழில் மந்திரிக்கும் திணைக்களத்துக்கும் நாம் கேட்பது அதிகமில்லை. உல்லாசப் பிரயாணிகளைத் தூண்டிலுக்கு ஏற்றிச் செல்லும் ஒவ்வொரு படகும் கயிறறுக்கும் கருவியும் முள் கழற்றும் கருவியும் வைத்திருக்க வேண்டும். சுறாவை நீருக்கு வெளியே தூக்காமலே விடவேண்டும். அகப்பட்டதையும் விட்டதையும் பலநாட் கலக்காரன் எழுதுவதுபோல் அவர்களும் எழுதிக் கொடுக்க வேண்டும். செத்த சுறாவைக் கடலில் எறியும் தொழிலாளியின் நட்டத்தைப் பற்றிக் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்களை அழைத்துப் பேசவேண்டும். தமிழ் மக்கள் தொழில்செய்யும் ஒவ்வோர் இறங்குதுறையிலும் கருவாட்டுச் சந்தையிலும் அவ்வைந்து சுறாக்களின் படமும் தடையின் விபரமும் தமிழிலே, பிழையற்ற தமிழிலே, ஒட்டப்பட வேண்டும். படிக்க முடியாத அறிவித்தலை மீறினான் என்று ஒருவனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதை நாம் ஒப்பமாட்டோம்.

இவற்றைத் தீர்மானமாக எழுதி வந்திருக்கின்றோம். தலைவர் அவர்கள் அதனை இப்பொழுது அவையின்முன் வைப்பார்கள். கருவாட்டு வியாபாரிகள் யாராயினும் இங்கிருந்தால், வாக்கெடுப்புக்கு முன் எழுந்து தங்கள் கருத்தைச் சொல்லுமாறு வேண்டிக்கொள்கின்றோம்.