மாக்கிங்பேர்டும் ஒரு வடைப் பொட்டலமும்

இன்னைக்கு நாம பேசப்போறது ஹார்ப்பர் லீ எழுதிய 'டு கில் எ மாக்கிங்பேர்ட்' நாவல் பற்றி. 1960-ல் வெளிவந்து, அடுத்த வருஷமே புலிட்சர் பரிசு வாங்கிய புத்தகம். உங்கள்ல சிலர் காலேஜ்ல பாடமாகவே படிச்சிருப்பீங்க. நான் அருப்புக்கோட்டைப் பக்கத்து ஆள். அங்கே உட்கார்ந்து படிச்சப்ப எனக்கு என்ன தோணுச்சுங்கிறதைத்தான் சொல்லப்போறேன்.

முதல்ல கதை. 1930-களில், அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஒரு சின்ன ஊர். ஸ்கவுட் என்ற சிறுமி கதை சொல்கிறாள். அவளுடைய அப்பா அட்டிகஸ் ஒரு வக்கீல். வெள்ளைக்காரப் பெண்ணைப் பலாத்காரம் செய்ததாகப் பொய்ப்பழி சுமத்தப்பட்ட டாம் ராபின்சன் என்ற கறுப்பின இளைஞருக்காக அவர் வாதாடுகிறார். டாமின் இடது கை சிறுவயதிலேயே பருத்தி ஜின்னிங் மெஷினில் சிக்கி விளங்காமல் போய்விட்டது. அந்தப் பெண்ணுக்கோ முகத்தின் வலது பக்கம்தான் அடி. அடித்தவர் இடது கைப் பழக்கம் உள்ளவராக இருக்கவே வாய்ப்பு அதிகம். இதையெல்லாம் கண்ணால் பார்த்த பிறகும் ஜூரி, 'குற்றவாளி' என்றுதான் தீர்ப்புச் சொல்கிறது.

அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கம் கரிசல்ல வளர்ந்த ஒருத்தருக்கு இந்த ஊர் அந்நியமாவே தெரியாது. பருத்தி, கடன், யார் எந்தத் தெருவுல குடியிருக்கணும்னு எங்கேயும் எழுதி வைக்காத ஒரு சட்டம். எல்லாம் நமக்குத் தெரிஞ்சதுதான்.

எங்க வாசிப்பு வட்டத்துல இந்த நாவலைப் பேசினப்ப, "நானும் ஸ்கவுட் மாதிரிதான்"னு பலர் சொன்னாங்க. சிலருக்கு அட்டிகஸ் ஆகணும்னு ஆசை. டாமுக்கு மூணு பிள்ளைங்க இருக்காங்க. அந்தப் பிள்ளைங்க இடத்துல யாரும் தன்னை வச்சுப் பார்க்கல. அதுல ஆச்சரியமில்லை. நாவல்லயே அவங்க தலையைக் காட்டிட்டுப் போயிடுறாங்க. அவங்க வாயால நாம கதை கேட்கிறதே இல்லை.

இன்னொரு ஆளையும் நாம சுலபமா மறந்துடறோம். ஸ்கவுட்டோட டீச்சர் மிஸ் கேட்ஸ். ஹிட்லர் யூதர்களைக் கொடுமைப்படுத்துவதைப் பற்றி வகுப்பில் உருகிப் பேசுகிறார். அதே டீச்சர், விசாரணை முடிந்து கோர்ட்டை விட்டு வெளியே வரும்போது, உள்ளூர்க் கறுப்பின மக்களுக்கு ஒரு பாடம் கற்பிக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது என்ற ரீதியில் பேசியதை ஸ்கவுட் கேட்டிருக்கிறாள். தூரத்து அநியாயத்துக்கு அழுகிறவர் பக்கத்துத் தெருவை ஏன் இப்படிப் பார்க்கிறார் என்பது அந்தப் பிள்ளைக்குப் புரியவில்லை. அலபாமாவுக்காக வருத்தப்பட்டுட்டு நாம புத்தகத்தை மூடி வச்சா, நாமளும் மிஸ் கேட்ஸ்தான்.

அதனாலதான் இதோட சேர்த்து பாமாவின் 'கருக்கு' படிங்கன்னு சொல்றேன். 1992-ல் வெளிவந்த தன்வரலாறு. வத்திராயிருப்புப் பக்கம் புதுப்பட்டிதான் பாமாவின் ஊர். அருப்புக்கோட்டை இருக்கிற அதே விருதுநகர் மாவட்டம்.

அதில் ஒரு சம்பவம். பாமா அப்போது மூன்றாம் வகுப்பு. பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில், தன் தெருப் பெரியவர் ஒருவர் ஒரு பொட்டலத்தைத் தொடாமல், கட்டிய சரடை மட்டும் பிடித்துத் தூக்கிக்கொண்டு போவதைப் பார்க்கிறார். களத்தில் இருந்த நிலக்காரரிடம் அதைக் குனிந்து கொடுக்கிறார் பெரியவர். உள்ளே வடை. அவ்வளவு பெரிய மனுஷர் பொட்டலத்தைப் பிடித்த விதம் சிறுமிக்கு ஒரே சிரிப்பு. வீட்டுக்கு வந்து அண்ணனிடம் சொல்லிச் சிரிக்கிறார். அண்ணன் சிரிக்கவில்லை. நம்ம சாதிக்காரங்க கை பட்டால் தீட்டு என்று அவர்கள் நினைப்பதால்தான் அப்படி, என்கிறார். பாமாவின் சிரிப்பு அங்கேயே நின்றுபோகிறது. கோபம் வருகிறது.

ஸ்கவுட்டும் பாமாவும் சின்னப் பிள்ளைங்கதான். ரெண்டு பேருக்குமே அன்னைக்கு உலகம் மாறிப்போகுது. ஆனா ஸ்கவுட் தெரிஞ்சுக்கிட்டது, தன் ஊர் வேறொருத்தருக்கு என்ன செய்யுதுங்கிறதை. பாமா தெரிஞ்சுக்கிட்டது, தன்னையே அந்த ஊர் என்னவா நினைக்குதுங்கிறதை. ஸ்கவுட்டுக்கு அட்டிகஸ் வீட்டு வாசல் எப்பவும் திறந்திருக்கு. பாமாவுக்குத் திரும்பிப் போக அப்படி ஒரு பாதுகாப்பான இடம் கிடையாது.

இது பழைய கதைன்னு நினைச்சிடாதீங்க. 2023 ஆகஸ்ட்டில் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்புத் தலித் மாணவர் ஒருவரை, அவர் வீட்டுக்கே போய் வெட்டியவர்கள் உடன் படித்த மாணவர்கள். தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்கள். அதன் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. மாணவர்கள் கையில் சாதிக் கயிறு கட்டக் கூடாது என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. கயிறு கட்டுகிற வயதுக்கு முன்னாடியே, யாரைத் தொடலாம், யாரைப் பேர் சொல்லிக் கூப்பிடலாம்னு வீட்டுல கத்துக் கொடுத்து முடிச்சிடறாங்க.

அதனால ரெண்டு புத்தகத்தையும் ஒரே மாசத்துல படிங்க. படிச்சு முடிச்சதும் உங்க பாட்டி தாத்தாகிட்ட ஒரு கேள்வி கேளுங்க. நம்ம வீட்டுக்கு வேலைக்கு வந்தவங்க எதுவரைக்கும் உள்ளே வந்தாங்க? இல்லேன்னா, நம்ம ஆளுங்க யார் வீட்டு வாசல்ல நின்னாங்க? என்ன பதில் வந்ததுன்னு எங்களுக்கு எழுதுங்க. அடுத்த எபிசோடுல பேசலாம்.