விரலுக்கு எத்தனை சதவீதம்?

மே தின விடுமுறையிலும் வீட்டில் உட்காராமல் இங்கே வந்திருக்கும் அம்பத்தூர் தொழிற்பேட்டைத் தொழிலாளர்களே, தாய்மார்களே!

1923-இல் சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் மே தினம் கொண்டாடிய வரலாற்றை எனக்கு முன்னால் பேசியவர்கள் அழகாகச் சொல்லிவிட்டார்கள். அதே 1923-இல்தான் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டமும் வந்தது. மே தினத்தைப் பற்றி வருஷா வருஷம் பேசுகிறோம். அந்தச் சட்டத்தின் பின்னால் ஓர் அட்டவணை இருந்தது, அதை எந்த மேடையிலும் யாரும் படித்து நான் கேட்டதில்லை. இன்று படிக்கப் போகிறேன். அதற்கு முன்னால், அந்த அட்டவணைக்குள் அடிக்கடி போய் விழுகிற ஓர் ஆளைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிரஸ் ஷாப்பில் வேலை பார்த்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன். அவர்தான் பவர் பிரஸ் ஆபரேட்டர்.

உங்கள் வீட்டுக் கதவின் கீல், ஸ்கூட்டரின் பிராக்கெட், மிக்ஸிக்குள் இருக்கும் மோட்டார் தகடு, சமையலறை எவர்சில்வர் தட்டு, எல்லாம் ஒரு பிரஸ்ஸுக்குள் போய் வந்தவைதான். மேலே பஞ்ச், கீழே டை. நடுவில் தகடு. ஃப்ளைவீல் சுற்றிக்கொண்டே இருக்கும். பெடலை மிதித்தால் கிளட்ச் பிடிக்கும், பஞ்சைத் தாங்கிய ராம் இறங்கும், பீஸ் விழும். பார்ப்பவர்களுக்கு இவ்வளவுதான். "பெடலை மிதிக்கிற வேலைக்கு என்னப்பா படிப்பு?" என்று கேட்பவர்களும் உண்டு.

அவர்களை ஒரு நல்ல ஆபரேட்டர் பக்கத்தில் ஒரு மணி நேரம் நிற்கச் சொல்லுங்கள். பஞ்ச் மழுங்கத் தொடங்கினால் சத்தம் மாறும். அவர் காதுக்கு அது முதலில் தெரியும். உடனே விழுந்த பீஸை எடுத்து, அதன் விளிம்பில் ஆள்காட்டி விரலால் ஒரு தடவு தடவுவார். பர் என்கிற பிசிறு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று விரல் சொல்லிவிடும். இன்ஸ்பெக்‌ஷன்காரர் மைக்ரோமீட்டரோடு வருவதற்குள் இவர் டை பொருத்தும் செட்டரைக் கூப்பிட்டு, டையைக் கழற்றி டூல் ரூமுக்கு அனுப்பச் சொல்லியிருப்பார். தொழிலின் அளவுகோலே அந்த விரல்தான். அந்த விரலைத்தான் மிஷின் கேட்கிறது.

ஏன் கேட்கிறது? விபத்து நடந்த மறுநாள் ரிப்போர்ட்டில் ஒரு வார்த்தை எழுதுவார்கள்: கவனக்குறைவு. நான் ஒரு கணக்குச் சொல்கிறேன். நிமிஷத்துக்குப் பத்து பீஸ் என்று வையுங்கள். பிரஸ் ஷாப்பில் இது பெரிய வேகமே இல்லை. டீ, சாப்பாட்டு நேரம் கழித்து ஏழு மணி நேரம் ஓடினால் 4,200 பீஸ். 4,200 தடவை கை டைக்குள் போய் வெளியே வருகிறது. ஓ.டி. இருந்தால் இன்னும் கூடும். 4,200 தடவையும் ஒரு மனிதன் கவனமாக இருப்பான் என்று நம்பி ஒரு மிஷினை ஓடவிடுகிறீர்களே, அதற்கு என்ன பெயர்?

இன்னொன்று. சின்னப் பட்டறைகளில் இன்றும் ஓடுகிற பழைய பிரஸ்களில் இருப்பது கீ கிளட்ச். ஒரு தடவை பிடித்துவிட்டால் ஒரு முழுச் சுற்று முடியாமல் அது விடாது. பாதியில் ராமை நிறுத்த ஆண்டவனாலும் முடியாது. கீ தேய்ந்தாலோ ஸ்பிரிங் தளர்ந்தாலோ மிதிக்காமலே ராம் இரண்டாம் தடவை இறங்கும். டபுள் ஸ்ட்ரோக். முதல் பீஸை எடுக்கக் கை உள்ளே இருக்கும் நேரம் பார்த்து இறங்கும். மூடி இல்லாத பெடல்மேல் ஒரு பீஸ் விழுந்தாலும் அதே கதிதான். இதில் ஆபரேட்டரின் கவனம் எங்கே வந்தது?

மருந்து இல்லாத நோயா இது? இல்லை. காற்றில் இயங்கும் ஃபிரிக்‌ஷன் கிளட்ச் எந்த இடத்திலும் நிற்கும். இரண்டு கையாலும் சேர்த்து அழுத்தினால் மட்டுமே ராமை இறக்கும் பொத்தான்கள் உண்டு. கை குறுக்கே வந்தால் நிறுத்திவிடும் லைட் கர்ட்டன் உண்டு. ஆபத்தான பாகத்தை அடைத்துத்தான் ஓட்ட வேண்டும் என்று 1948 தொழிற்சாலைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவிலேயே எழுதியாகிவிட்டது. ஆனால் டார்கெட் ஏறும்போது ஒரு பொத்தானில் டேப்பைச் சுற்றி நிரந்தரமாக அமுக்கி வைத்துவிடுகிறார்கள். ஒரு கை மிச்சமாகிறது, பீஸ் கூடுகிறது. சில இடங்களில் ஆபரேட்டரே சுற்றுகிறார், இன்சென்டிவுக்காக. அதையும் மறைக்காமல் சொல்கிறேன். ஆனால் அந்த இன்சென்டிவை அப்படி வைத்தது யார்?

இது அம்பத்தூர்க் கதை மட்டுமல்ல. ஹரியானாவில் குருகிராம், மானேசர் பக்கம் கார் உதிரிபாகப் பட்டறைகளில் விரல் இழந்தவர்களைப் பற்றி 'சேஃப் இன் இந்தியா' என்ற அமைப்பு 2019-இலிருந்து அறிக்கை வெளியிட்டு வருகிறது. அங்கேயும் முதல் குற்றவாளி பவர் பிரஸ்தான். பலருக்கு, தொழிலாளர் காப்பீடான இ.எஸ்.ஐ.யின் அட்டையே அடிபட்ட பிறகுதான் கைக்கு வருகிறது.

இப்போது அட்டவணை. கட்டைவிரல் போனால் 30 சதவீதம். ஆள்காட்டி விரல் முழுதாகப் போனால் 14. நடுவிரல் 12. மோதிரவிரலோ சுண்டுவிரலோ, 7. எலும்பு போகாமல் நுனிச்சதை மட்டும் துண்டானால் ஆள்காட்டி விரலுக்கு 5. சம்பாதிக்கும் சக்தியில் இவ்வளவு குறைந்தது என்று சட்டம் கணக்கு வைக்கிறது. இ.எஸ்.ஐ.யில் தினக்கூலி 500 ரூபாய் என்று எடுத்துக்கொள்ளுங்கள். உதவித்தொகைக்கு அடிப்படை அதில் 90 சதவீதம், அதாவது 450. அதில் 14 சதவீதம் 63. பர் பார்க்கிற அந்த ஆள்காட்டி விரலுக்கு ஒரு நாளைக்கு 63 ரூபாய். ஆயுள் முழுக்க வரும், அதைக் குறை சொல்லவில்லை. அட்டை இல்லாதவருக்கு அந்த 63 ரூபாய்க்கே வருஷக்கணக்கில் அலைச்சல்.

விபத்து நடந்துவிட்டால் செய்ய வேண்டியதையும் சொல்கிறேன். தாய்மார்களும் கேட்டுக்கொள்ளுங்கள், இது வீட்டிலும் உதவும். விரல் துண்டாகிவிட்டால் அதை நேராக ஐஸில் போடாதீர்கள். சுத்தமான ஈரத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு இறுகக் கட்டி, அந்தப் பையை ஐஸ் தண்ணீரில் வையுங்கள். உடனே ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்கு ஓடுங்கள். கைக்கென்றே தனிப் பிரிவு அங்கே இருக்கிறது. ஆனால் பிரஸ் வெட்டுவதைவிட நசுக்குவதுதான் அதிகம். நசுங்கிய விரலை எந்த டாக்டராலும் எளிதில் ஒட்டவைக்க முடியாது.

முதலாளிகளே, ஒரு லைட் கர்ட்டன் வாங்கக் கணக்குப் பார்க்காதீர்கள். கான்ட்ராக்டில் வந்திருக்கும் ஒடிசா, பீகார் தம்பிகளுக்கு அவர்கள் மொழியிலேயே மிஷினைச் சொல்லிக்கொடுங்கள். சேர்ந்த அன்றே இ.எஸ்.ஐ.யில் பதியுங்கள். தோழர்களே, நாளைக் காலை ஷிஃப்டுக்குப் போனதும் இரண்டு பொத்தானையும் தனித்தனியாக அழுத்திப் பாருங்கள். ஒன்றை மட்டும் அழுத்தி ராம் இறங்கினால் செட்டரைக் கூப்பிடுங்கள். சரிசெய்து கொடுக்கும்வரை அந்த மிஷினில் உட்காராதீர்கள்.