பண்ணை நாய்க்கு நான்கு சொற்கள்

(உழவர் பயிற்சிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கறவை மாடு, ஆடு, கோழி ஆகியவற்றின் பராமரிப்பைப் பற்றி நீங்கள் பலமுறை கேட்டிருப்பீர்கள். இவற்றுக்கெல்லாம் இரவு பகலாகக் காவல் இருக்கும் நாயைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. சோறு வைக்கிறோம், சங்கிலியில் கட்டுகிறோம், அத்துடன் விட்டுவிடுகிறோம். ஆனால், சொல் கேட்காத நாயால் வீட்டுக்கும் ஆபத்து, நாய்க்கும் ஆபத்து. சாலையின் குறுக்கே ஓடி இருசக்கர வண்டியைக் கவிழ்க்கும். சுற்றுச்சுவர் இல்லாத கிணற்றில் விழும். எலி மருந்து கலந்த தீனியைத் தின்னும். பாம்பின் மேல் பாயும். இவற்றில் பெரும்பாலானவற்றை நான்கே சொற்களால் தடுக்கலாம். அவை வா, உட்கார், நில், விடு என்பவை.

எப்போது தொடங்கலாம்?

குட்டி எட்டு வார வயதை அடைந்ததும் தொடங்கலாம். வளர்ந்த நாயும் கற்றுக்கொள்ளும், பொறுமைதான் சற்றுக் கூடுதலாக வேண்டும். காலையும் மாலையும், தீனி வைப்பதற்கு முன், ஐந்து நிமிடம் போதும். அவித்த முட்டை அல்லது கறியைச் சுண்டுவிரல் நகமளவு துண்டுகளாக்கி வைத்துக்கொள்ளுங்கள். வெங்காயமும் திராட்சையும் நாய்க்கு ஆகா.

நாய்க்கு மொழி தெரியாது, ஒலிதான் தெரியும். அப்பா "வா" என்றும், பிள்ளைகள் "இங்கே வாடா" என்றும், பாட்டி "தோ, தோ" என்றும் அழைத்தால் அது எதைக் கற்கும்? வீட்டில் எல்லோரும் ஒரே சொல்லை ஒரே மாதிரி சொல்லவேண்டும். "நில்" என்பதற்குப் பதிலாக "இரு" என்று பழக்கவேண்டாம். "இரு", "விடு" இரண்டும் ஒரே ஒலியில் முடிவதால் நாய் குழம்பும்.

வா

உயிர் காக்கும் சொல் இதுதான். நாயின் கழுத்துப் பட்டையில் பத்து முழக் கயிறு ஒன்றைக் கட்டி, ஒருவர் பிடித்துக்கொள்ளுங்கள். நாயின் பெயரைச் சொல்லி, "வா" என்று ஒரே முறை அழையுங்கள். வந்தவுடன் ஒரு துண்டு கொடுத்துத் தட்டிக் கொடுங்கள். வராவிட்டால் கத்தவேண்டாம், கயிற்றை மெல்ல இழுத்து வரச் செய்து, அப்போதும் துண்டைக் கொடுங்கள்.

ஒன்றை மறக்கவேண்டாம். கோழியைத் துரத்திய நாயை "வா" என்று அழைத்து, வந்ததும் அடிப்பவர்கள் உண்டு. கோழியைத் துரத்தியதற்காக அடி விழுந்தது என்று நாய்க்குப் புரியாது. வந்ததற்கு அடி என்றே அது எண்ணும். அடுத்த முறை லாரி வரும்போது நீங்கள் அழைத்தாலும் வராது.

உட்கார், நில்

துண்டை மூக்கின் அருகே காட்டி, அப்படியே தலைக்கு மேலாகப் பின்னால் கொண்டு செல்லுங்கள். நாய் அண்ணாந்து பார்க்கும்போது பின்புறம் தானாகத் தரையில் படியும். அந்தக் கணத்தில் "உட்கார்" என்று சொல்லித் துண்டைக் கொடுங்கள். விருந்தினர் வரும்போதும், குழந்தைகள் அருகே வரும்போதும் மேலே தாவாமல் இருக்க இது உதவும்.

பிறகு உள்ளங்கையைக் காட்டி "நில்" என்று சொல்லி, இரண்டடி பின்னால் செல்லுங்கள். அசையாமல் இருந்தால் நீங்களே திரும்பிச் சென்று துண்டைக் கொடுங்கள். நாளாக நாளாகத் தொலைவையும் நேரத்தையும் கூட்டலாம். சாலை ஓரத்திலும், டிராக்டரைக் கிளப்பும்போதும் இச்சொல் தேவைப்படும். டிராக்டரின் நிழலில் நாய் படுத்து உறங்கும் என்பதால், கிளப்புமுன் அடியில் குனிந்து பார்ப்பதையும் வழக்கமாக்குங்கள்.

விடு

மூடிய கைக்குள் ஒரு துண்டை வைத்து நாயிடம் நீட்டுங்கள். அது மோந்து, நக்கி, பிறாண்டும். "விடு" என்று சொல்லிக் கையைத் திறக்காமல் இருங்கள். மூக்கை விலக்கிய உடனே மறு கையிலிருந்து வேறொரு துண்டைக் கொடுங்கள். விடச் சொன்ன துண்டை மட்டும் எப்போதும் கொடுக்கக் கூடாது. அடுத்து, துண்டைத் தரையில் வைத்துக் காலால் மறைத்துப் பழக்குங்கள். விட்டால் அதைவிட நல்லது கிடைக்கும் என்று நாய் அறிந்துவிட்டால், செத்த எலியையும் விடும்.

எலி மருந்து வைத்த நாட்களில் பயிற்சியை மட்டும் நம்பாமல் நாயைக் கட்டி வையுங்கள். தப்பித்தவறித் தின்றுவிட்டால், உப்புக் கரைசல் போன்ற கைவைத்தியத்தில் நேரம் போக்காமல், மருந்து உறையுடன் கால்நடை மருத்துவரிடம் உடனே செல்லுங்கள்.

இனத்தின் இயல்பு

சிப்பிப்பாறை, கன்னி ஆகியவை வேட்டைக்கென வளர்க்கப்பட்ட இனங்கள். ஓடுவதைக் கண்டால் துரத்துவது அவற்றின் பிறவிக் குணம். எனவே "வா" நன்கு பழகும்வரை கயிறில்லாமல் விடவேண்டாம். முயலையும் மயிலையும் நாயை ஏவிப் பிடிப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும். இராஜபாளையம், கோம்பை நாய்கள் காவலுக்குப் பெயர் பெற்றவை. இவற்றைக் குட்டியிலேயே அக்கம்பக்கத்தாருடன் பழக்கவேண்டும். சிறுவர்கள் விளையாட்டாக "சூ" என்று ஆள்மேல் ஏவுவதைக் கண்டிப்புடன் தடுத்திடுங்கள்.

பயிற்சி பெற்ற நாய்க்கும் தடுப்பூசி தேவை. மூன்று மாத வயதில் வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, ஆண்டுதோறும் தொடரவேண்டும். எந்த நாய் கடித்தாலும், காயத்தைச் சோப்பிட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும்.

உழவர் பெருமக்களே! இதற்குப் பணச் செலவு அதிகமில்லை. நாளும் பத்து நிமிடமும், வீட்டார் அனைவரின் ஒற்றுமையும் போதும். இன்று மாலையே "வா" என்ற சொல்லுடன் தொடங்குங்கள்.