மரநிழலில் ஒரு கல்

ஹற்றனிலிருந்து நுவரெலியா நோக்கித் தேயிலைத் தோட்டங்களினூடே பயணஞ் செய்வோர் ஒரு காட்சியைப் பலகாற் கண்டிருப்பர். கொழுந்து பறிப்போர் நடந்து நடந்து தேய்ந்த ஒற்றையடிப் பாதையின் ஓரத்திலே முதிய மரமொன்று தனித்து நிற்கும். அதன் அடியிலே, உளிபடாத கல்லொன்று மஞ்சளும் குங்குமமும் பூசப்பெற்று விளங்கும். அருகிலே ஒரு சூலம் ஊன்றப்பட்டிருக்கும். வாகனத்தில் விரைந்து செல்வோர்க்கு அது கண்ணிற் படாமலும் போகலாம். ஆயினும், அந்த மரத்துக்கும் கல்லுக்கும் உள்ள உறவைச் சற்றே நின்று நோக்குவார்க்கு, கலையையும் இயற்கையையும் ஓரிடத்தில் இணைப்பதற்கு உலகம் செய்துவரும் பெருமுயற்சி ஒன்றின் உட்பொருள் புலனாகும்.

சிற்பப் பூங்கா என்பது அம்முயற்சியின் பெயர். நோர்வே நாட்டின் தலைநகராகிய ஒஸ்லோவில், குஸ்தாவ் விகலண்ட் என்னும் சிற்பி வடித்த 200க்கும் மேற்பட்ட உருவங்கள் புல்வெளியிலும் பாலத்திலும் படிக்கட்டுகளிலும் நிற்கின்றன. பெல்ஜியத்தின் அன்ட்வேர்ப் நகரத்து மிடல்ஹைம் பூங்கா 1950ஆம் ஆண்டிலும், இங்கிலாந்தின் யோர்க்‌ஷயர் சிற்பப் பூங்கா 1977ஆம் ஆண்டிலும் தோன்றின. இவற்றின் நோக்கம் யாது? நூதனசாலையின் சுவர்களுக்குள்ளே சிற்பத்தின் மேல் விழுவது பெரும்பாலும் மாறாத ஒளி. திறந்த வெளியிலோ, காலை வெயிலில் ஒரு முகம், மாலை நிழலில் வேறொரு முகம், மழையில் நனைந்தபோது மற்றுமொரு முகம் என அதே சிற்பம் பலவாகிறது. சிற்பி தொடங்கிய வேலையை வெயிலும் மழையும் தொடர்ந்து செய்கின்றன எனலாம்.

இவ்வகை முயற்சிகளுள் இம்மலைநாட்டோடு ஒருவகையில் உறவுடையது ஸ்கொட்லாந்தில் நிகழ்ந்தது. 1867ஆம் ஆண்டிலே லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லர் பிறந்த நாடு அது. அங்கே கிளென்கில்ன் என்னுமிடத்தில், ஆடுகள் மேயும் மலைச்சரிவுகளிலே, 1950களில் தொடங்கிச் சிற்பங்களை நிறுத்திவைத்தார் சேர் வில்லியம் கெஸ்விக் என்னும் செல்வர். ஹென்றி மூர் வடித்த வெண்கல அரசனும் அரசியும் அங்கே நீர்த்தேக்கத்தை நோக்கியபடி அமர்ந்திருந்தனர். வேலியில்லை, நுழைவுச் சீட்டில்லை. ஆனால், 1995ஆம் ஆண்டில் அவ்வுருவங்களின் தலைகள் அறுத்தெடுக்கப்பட்டன. பழுது நீக்கி மீண்டும் வைத்தனர். 2013ஆம் ஆண்டில் மூரின் மற்றொரு சிற்பம் களவு போயிற்று. அதன்பின் எஞ்சியவற்றுட் பெரும்பாலானவையும் அந்த மலையினின்று அகற்றப்பட்டன. திறந்த வெளியில் நிற்கும் கலையை யார் காப்பது என்ற வினாவை அம்மலை விட்டுச்சென்றது.

தமிழர்க்கு இவ்வினா புதிதன்று. மாமல்லபுரத்திலே ஏழாம் நூற்றாண்டிற் பல்லவர் செதுக்குவித்த பெரும்பாறைச் சிற்பம், ஏறக்குறைய 96 அடி நீளமும் 43 அடி உயரமும் கொண்டது. அருச்சுனன் தபசு என்பர் சிலர். கங்கை இறங்கிய கதை என்பர் வேறு சிலர். பாறையின் நடுவே இயற்கையாக ஒரு பிளவு இருந்தது. சிற்பிகள் அதனைக் குறையென்று ஒதுக்கினாரல்லர். அதையே ஆற்றின் வழியாகக் கொண்டு, நாகர்களை அதனுள்ளே நீந்தவிட்டனர். இலங்கையின் பொலன்னறுவையிலே, 12ஆம் நூற்றாண்டுக் கல் விகாரையின் புத்தர் உருவங்களிலும் பாறையின் இயற்கைக் கோடுகள் அலையலையாய் ஓடக் காணலாம். இடத்தை வெல்லாமல் இடத்தோடு உடன்பட்டு வேலை செய்வதே அக்கலையின் நெறி.

அரசரின் கலை இவ்வாறாயின், குடிமக்களின் கலையோ ஊர்ப்புறத்துக் கோயிற்காடுகளில் வளர்ந்தது. புதுக்கோட்டை, மதுரை முதலிய பகுதிகளில் ஐயனார்க்குக் குயவர் சுட்ட மண்குதிரைகளை மரங்களினிடையே வரிசையாக நிறுத்துவர். பழைய குதிரைகளைப் பெரும்பாலும் அகற்றுவதில்லை. அவை மழையிற் கரைந்து, வேர்களுக்கிடையே உடைந்து, எடுத்த மண்ணுக்கே திரும்பும். அக்காட்டிலே விறகொடித்தலும் தவறெனக் கருதப்படும். சிற்பம் மரத்தைக் காத்தது. மரம் சிற்பத்துக்கு நிழல் தந்தது.

19ஆம் நூற்றாண்டிலே கோப்பித் தோட்டங்களுக்கும் பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும் தொழிலாளராய் வந்தோர் திருச்சிராப்பள்ளி, மதுரை, புதுக்கோட்டை, சேலம் முதலிய அவ்வூர்களிலிருந்தே புறப்பட்டனர். மன்னாரிலிருந்து மாத்தளை நோக்கிக் காட்டுவழியே நடந்தோர் பலர். நோயாலும் பசியாலும் வழியிலே மாண்டோரும் பலர். குதிரை வடிக்கும் குயவரையும் கோயில் எழுப்பும் தச்சரையும் அவர்கள் உடனழைத்து வர இயலுமா? நினைவொன்றையே சுமந்து வந்தனர். அந்நிய மலையிலே ஒரு மரத்தைத் தேர்ந்தனர். ஒரு கல்லைத் தேர்ந்தனர். அதுவே முனியாண்டியாயிற்று, மாடசாமியாயிற்று. கவ்வாத்து வெட்டுங் கத்தி கையைக் காயப்படுத்தாதிருக்கக் கவ்வாத்துச் சாமி தோன்றிற்று. தொழிற்சாலையிற் சுழலும் ரோதைக்கும் ரோதைமுனி காவலாயிற்று. தேர்ந்தெடுத்தலும் ஒரு கலையே. ஆயிரங் கற்களுள் இதுவே என்று ஒன்றைக் கண்டெடுத்த கண், சிற்பியின் கண்ணுக்கு எவ்வகையிற் குறைந்தது?

தமக்கென ஒரு சாண் நிலமும் இல்லாத மக்கள், லயத்து அறையும் பிறர்க்கு உரியதாயிருந்த நாளிலே, தம் இடம் என்று சுட்டத்தக்கதாக அம்மரத்தடியைப் பெற்றனர். அக்கல்லுக்கு வேலியில்லை, காவலாளியுமில்லை. ஆயினும், அது தலைமுறைகளைக் கடந்து நிற்கிறது. கிளென்கில்ன் மலையில் விடை காணப்படாத வினாவுக்கு இங்கே விடை உண்டு: தனக்கு உரியதென்று ஒரு சமூகம் கருதும் கலையை அச்சமூகமே காக்கும்.

ஆனால், அவ்விடைக்கும் இன்று ஊறு நேர்ந்துள்ளது. தோட்டங்களில் வருவாய் போதாமையால் இளைஞர் கொழும்புக்கும் வெளிநாடுகளுக்கும் செல்கின்றனர். அவர்கள் ஈட்டிய பொருளால் கோயில்களைப் புதுப்பிக்கும் ஆர்வமும் பெருகியிருக்கிறது. அது போற்றத்தக்கதே. எனினும், சீமெந்துக் கோபுரத்துக்கு இடம் வேண்டி மரத்தை வெட்டி, பழைய கல்லை ஒருபுறம் ஒதுக்கினால், இழப்பு இரட்டிப்பாகும். சரிவு நிலத்திலே முதுமரத்தின் வேர் மண்ணைப் பற்றி நிற்கிறது. மழைக்காலத்து மண்சரிவுக்கு அஞ்சி வாழ்வோர் அதன் அருமையை நன்கறிவர். முன்னோர் நட்ட கல்லோ, எந்த ஏட்டிலும் பெயர் பதியாத மக்களின் கையெழுத்து.

ஆகவே, பெருஞ்செலவிற் புதிய சிற்பப் பூங்கா அமைக்குமுன், இருக்கும் பூங்காவை அறிந்துகொள்வது நலம். கோயிலைப் புதுப்பிப்போர் மரத்தை நடுவே வைத்துக் கட்டிடத்தை அமைக்கலாம். பழைய கல்லை அதன் இடத்திலேயே விட்டுவைக்கலாம். பள்ளிச் சிறுவர் தத்தம் தோட்டத்து மரத்தடிகளுக்குச் சென்று, எந்த மரம், எந்தச் சாமி, யார் வைத்த கல் என்பதை முதியோரிடம் கேட்டு எழுதிவைக்கலாம். இதற்குப் பணம் வேண்டுவதில்லை. ஒரு கொப்பியும் பென்சிலும் போதும். சொல்லத்தக்க முதியோர் இருக்கும்போதே அவ்வேலை தொடங்கப்பெறல் வேண்டும்.