ஒரு வரியில் ஒரு குடும்பம்

(ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



நாம் வாழும் மண்டி மொஹல்லாவுக்கு அண்டையிலேயே லஷ்கர் மொஹல்லா உள்ளது. மண்டி என்பது வாணிபம் நடைபெறும் இடம். லஷ்கர் என்பது படை. பிழைப்பை நாடிப் பிறந்த மண்ணை விட்டு வந்த தமிழருள் சிலர் கடைவீதியை அடைந்தனர். சிலர் படைவீட்டை அடைந்தனர். படைவீட்டை அடைந்தவருள் ஒருவரை இன்று நினைவுகூர விழைகின்றோம்.

பெங்களூர் அல்சூர் ஏரியை அடுத்து மதராஸ் சாப்பர்ஸ் படையின் தலைமையகம் உள்ளது. 1780-ஆம் ஆண்டில் தோன்றிய அப்படையின் வீரர்களைத் ‘தம்பிகள்’ என்றே அன்புடன் அழைப்பர். பாலம் அமைத்தல், சாலை போடுதல், கண்ணிவெடி அகற்றுதல் ஆகியவை அவர்தம் பணி. மண்வெட்டியும் கடப்பாரையுமே அவர்களுக்கு வாளும் வேலுமாகும்.

அப்படையைச் சேர்ந்தவர் சுபேதார் சுப்பிரமணியன். அந்நாளைய செங்கற்பட்டு மாவட்டத்துக் கீழொட்டிவாக்கம் அவரது ஊர். இரண்டாம் உலகப் போரில் இத்தாலிக்குச் சென்றார். 1944-ஆம் ஆண்டு பிப்ரவரி 24-ஆம் நாள், மிஞானோ என்னும் ஊருக்கருகே அவரது குழுவினர் கண்ணிவெடிகளை அகற்றிக்கொண்டிருந்தனர். லான்ஸ் நாயக் ஒருவரின் காலடியில் வெடி ஒன்று மிதிபட்டது. வெடிப்பதற்குச் சில நொடிகளே இருந்தன. ஓடித் தப்ப எண்ணாமல், சுப்பிரமணியன் அதன்மேல் பாய்ந்து தம் உடலால் மூடினார். அவர் மாண்டார், தோழர்கள் பிழைத்தனர். அவ்வாண்டு ஜூன் மாதத்தில் அவருக்கு ஜார்ஜ் கிராஸ் விருது அறிவிக்கப்பெற்றது.

அந்நியக் கொடியின்கீழ் போரிட்டவரை நாம் ஏன் போற்ற வேண்டும் என்று வினவுவோர் உண்டு. கொடி எவருடையதாயினும், அவர் காத்தது தம் தோழர்களின் உயிரை அன்றோ?

அப்போரில் பணியாற்றிய இந்திய வீரர் ஏறத்தாழ 25 இலட்சம் பேர். மாண்டவர் சுமார் 87,000 பேர். அவர்களுள் மிகப் பலருக்குப் பதக்கம் இல்லை. இத்தாலியில் காசினோவிலும் சாங்ரோ ஆற்றங்கரையிலும் உள்ள போர்க் கல்லறைகளில் இந்தியர் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. அவற்றிற்குரிய பதிவேட்டில் வீரர் பலரின் பெயருக்கருகே, இன்னாரின் மகன், இன்னாரின் கணவர், இன்ன ஊரினர் என்று ஒரே வரி காணப்படும். ஒரு குடும்பத்தின் வாழ்வு முழுவதும் அவ்வொரு வரியில் அடங்கிவிட்டது! மணியார்டரை எதிர்நோக்கியிருந்த வீட்டிற்குத் தந்தி வந்ததும், இளம் மனைவி கூலி வேலைக்குச் சென்று மக்களை வளர்த்ததும் எப்பதிவேட்டிலும் இல்லை. அவை பாட்டிமார் நெஞ்சிலேயே தங்கின. அவர்களும் ஒருவர்பின் ஒருவராக மறைந்து வருகின்றனர்.

ஆதலின் நம் இல்லத்தாரிடம் ஒன்று வேண்டுகின்றோம். பழைய பெட்டிகளில் பென்ஷன் புத்தகமோ, படைக் கடிதமோ, மங்கிய புகைப்படமோ கிடைக்குமாயின் எறிந்துவிடாதீர்கள். அதன் பின்புறத்தில் பெயரையும் ஊரையும் எழுதி வையுங்கள். குழந்தைகளே, முதியோரிடம் கேட்டு எழுதுங்கள். பதக்கம் அரசு தருவது. நினைவு குடும்பம் தருவது. அந்த ஒரு வரியை ஒரு பக்கமாக்குவது நம் கடன்.