வரைந்தவர் பெயர்



பெல்ஜியத்தில் ஆண்ட்வெர்ப் என்று ஒரு துறைமுக நகரம். அச்சான நிலப்படங்களுக்கு வண்ணம் தீட்டும் தொழிலில் அங்கே வாழ்வைத் தொடங்கியவர் ஆபிரகாம் ஆர்டெலியஸ். அதே ஊரில் ஹூஃப்ட்மன் என்றொரு வணிகர். சரக்கு எந்த வழியாகப் போகிறது, சண்டை எந்தச் சீமையில் நடக்கிறது என்று பார்க்க அவருக்கு எப்போதும் படம் வேண்டும். அந்தக் காலத்துப் படங்களோ பாய் போலச் சுருட்டி வைத்தவை. விரித்தால் மேசை கொள்ளாது. அவருக்காகச் சிறிய படங்களாகத் தேடி எடுத்து, ஒன்றாகக் கட்டிக் கொடுத்தார் ஆர்டெலியஸ். அதே யோசனை வளர்ந்து, 1570 மே மாதம் 'உலக அரங்கம்' என்று பொருள்படும் லத்தீன் தலைப்போடு புத்தகமாக வந்தது. 53 படத்தாள்கள், எல்லாம் ஒரே அளவு. முதல் நவீன அட்லஸ் அதுதான் என்கிறார்கள். அட்லஸ் என்ற பெயர் மட்டும், அவருடைய நண்பர் மெர்காட்டரின் 1595ஆம் ஆண்டு நூலிலிருந்து வந்தது.

அந்தப் புத்தகத்தைப் பற்றிப் படித்தபோது நான் வெகுநேரம் நின்ற இடம், அதன் ஆசிரியர் பட்டியல். யார் யார் வரைந்ததைக் கொண்டு இதைச் செய்தேன் என்று 87 பேரின் பெயரை அச்சிட்டார் அந்த மனிதர்! அடுத்தவன் செப்புத் தகட்டைப் பார்த்து வெட்டி, தன் பெயரைப் போட்டு விற்றாலும் கேட்பாரில்லாத காலம் அது. யாரும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை. உங்களிடம் நல்ல படம் இருந்தால் அனுப்புங்கள் என்று வாசகரையும் கேட்டுக்கொண்டார். அனுப்பினார்கள். அவர் மறைந்த பிறகு, 1603இல் வந்த பதிப்பில் அந்தப் பட்டியல் 180 பெயரைத் தாண்டியிருந்தது.

இனி நம் மண்ணுக்கு வருவோம். 1802 ஏப்ரல் மாதம், பரங்கிமலை அடிவாரம். ஆங்கிலேய ராணுவ அதிகாரி வில்லியம் லாம்டன் அங்கே ஏழரை மைல் நீளத்துக்கு ஓர் அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். 100 அடி எஃகுச் சங்கிலி. வெயிலில் எஃகு நீளும் என்பதால் மரப்பெட்டிக்குள் கிடத்தி, பக்கத்தில் வெப்பமானி வைத்து, சுமார் 400 முறை எடுத்து எடுத்துப் போட்டார்கள். அந்த ஒரு கோட்டின் மேல் முக்கோணம் முக்கோணமாக அடுக்கிக்கொண்டே போனதுதான் இமயம் வரை சென்ற மாபெரும் அளவை. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல் கோணம் அளக்கும் அரை டன் எடையுள்ள தியோடலைட்டை ஏற்றும்போது, 1808இல், கயிறு அறுந்து கருவி சுவரில் மோதி நசுங்கியது. லாம்டன் அதைத் தம் கையாலேயே, வாரக்கணக்கில் உட்கார்ந்து நிமிர்த்தினார். பெரிய மனிதர், சந்தேகமே இல்லை. ஆனால் அந்தக் கயிற்றைப் பிடித்திருந்தவர்கள் யார்? சங்கிலி தூக்கியவர்கள் யார்? பெட்டிகளைச் சுமந்தவர்கள் யார்? நானும் தேடித் தேடிப் படிக்கிறேன். ஒரு பெயர்கூடக் கண்ணில் பட்டதில்லை.

சரி, அவர்கள் கூலியாட்கள், எழுதாமல் விட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். ராதாநாத் சிக்தார்? கல்கத்தாவில் அளவைத் துறையின் தலைமைக் கணக்கர். எவரெஸ்டின் உயரத்தைக் கண்டறிந்த கணக்குகளில் முக்கியமான பங்கு அவருடையது. 1851இல் அளவையாளர்களுக்காக ஒரு பெரிய கையேடு வந்தது. அதன் கடினமான கணித அத்தியாயங்கள் சிக்தார் எழுதியவை. முன்னுரையிலேயே நன்றி சொல்லியிருந்தார்கள். அவர் 1870இல் இறந்தார். 1875இல் மூன்றாம் பதிப்பு வந்தது. அத்தியாயங்கள் இருந்தன, அவர் பெயர் இல்லை! அன்றைய ஆங்கிலப் பத்திரிகை ஒன்றே இதைத் திருட்டு என்று கண்டித்தது. மலைக்கோ, முன்னாள் தலைமை அளவையாளர் எவரெஸ்டின் பெயர்.

அந்த மூன்றாம் பதிப்புக்கு 305 ஆண்டுகளுக்கு முன் ஆண்ட்வெர்ப்பில் ஒருவருக்குத் தோன்றிய நேர்மை, அத்தனை கல்வியும் அதிகாரமும் இருந்த ஒரு துறைக்கு ஏன் தோன்றவில்லை? என் மனம் ஆறவில்லை, ஐயா. படத்தை வரைவது எளிதன்று. ஒவ்வொரு கோட்டுக்கும் பின்னால் யாரோ வெயிலில் நடந்திருக்கிறார்கள். கோட்டை வைத்துக்கொண்டு ஆளை அழிப்பது என்ன நியாயம்?

இதை இன்று ஏன் சொல்கிறேன்? நம் வட்டாரத்து ஏரி, குளம், கால்வாய்களைக் காட்டும் வரைபடத்தை இந்த மேடையில் வெளியிட்டிருக்கிறோம். அருமையான வேலை. எட்டு மாதம் உழைத்த இளைஞர்களைக் கை தட்டிப் பாராட்டுகிறேன். ஆனால் படத்தின் அடியில் வெளியிட்டவர் பெயரும் நன்கொடையாளர் பெயரும் மட்டுமே இருக்கின்றன. தூர்ந்துபோன மடை இங்கே இருந்தது, கலிங்கு அங்கே இருந்தது என்று கூடவே நடந்து காட்டிய நீர்க்கட்டிகள், ஆடு மேய்க்கும் அம்மாக்கள், புலப்படத்தை எடுத்து வைத்து விளக்கிய ஓய்வுபெற்ற சர்வேயர், சங்கிலி பிடித்த செயின்மேன், இவர்கள் பெயர் எங்கே? அந்தப் பிள்ளைகளின் நோட்டுப் புத்தகங்களில் எல்லாம் இருக்கிறது, நான் பார்த்தேன்.

செயலாளர் அவர்களே, அடுத்த பதிப்பு வரைக்கும் காத்திருக்க வேண்டாம். ஒரு தாள் தனியாக அடித்து, மீதமிருக்கும் படிகளில் ஒட்டிவிடலாம். அச்சுச் செலவு என் பொறுப்பு.